பேரேட்டில் இருந்த பெயர்

கூனிமேட்டு உப்பளத்தில் ஒரு பிணம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

தமிழ் க்ரைம் நாவலாக இருந்தால் அடுத்த பத்தியில் ஜீப் வந்து நிற்கும். மோப்ப நாய் கிழக்குக் கடற்கரைச் சாலை வரை ஓடிப்போய் நின்றுவிடும். இளம் அதிகாரி குனிந்து, பாத்திக்குள் பதிந்திருக்கும் காலடித் தடம் ஒன்றைக் கண்டுபிடிப்பார். எழுதியவர் உப்பளத்தைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது அங்கேயே தெரிந்துபோகும். பருவம் தொடங்குமுன் பாத்தித் தரையை நாள்கணக்கில் காலால் மிதித்து மிதித்துத்தான் கெட்டிப்படுத்துகிறார்கள். விடியுமுன்பே ஆணும் பெண்ணுமாக இறங்கி உப்பு வாருகிறார்கள். வரப்பெல்லாம் காலடிதான். நீரின் அடர்த்தியை இங்கே ‘டிகிரி’ என்று சொல்வார்கள். கடல்நீர் மூன்று டிகிரி அளவில் இருக்கும். இருபத்தைந்தை நெருங்கும்போது உப்புப் பூக்கும். பூத்தபின் எந்தத் தடமும் வெள்ளைக்கு அடியில் போய்விடும்.

உண்மையில் முதலில் வருபவர் தலையாரி. இப்போது அந்தப் பதவிக்குக் கிராம உதவியாளர் என்று பெயர். ஊர் இன்னும் தலையாரி என்றே கூப்பிடுகிறது. ஓய்வுபெற்ற ஒருவரிடம் ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தேன். “கடல் ஒதுக்குனது, ரோட்ல அடிபட்டது, உப்பங்கழில மெதந்தது, எதுவா இருந்தாலும் போலீஸ் வர்ற வரைக்கும் நாங்கதான் சார் பொணத்துக்குக் காவ. நாய் கிட்ட வராம பாத்துக்கணும். ராத்திரில ஒதுங்கிச்சின்னா விடியிற வரைக்கும் ஒக்காந்திருக்கணும்” என்றார். அப்புறம் என்ன நடக்கும் என்று கேட்டேன். “அப்புறம் என்ன? நூத்தியெழுவத்தி நாலு போடுவாங்க.”

அவர் சொன்னது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 194 ஆகிவிட்டது. பேச்சில் பழைய எண்தான் நிற்கிறது. தற்கொலை, விபத்து, ‘சந்தேக மரணம்’ என்று தோன்றுகிற எல்லாவற்றுக்கும் இந்தப் பிரிவில்தான் முதல் தாள் எழுதப்படுகிறது. உள்ளூர்க்காரர்கள் சிலரைப் பஞ்சாயத்தாராக உட்காரவைத்து, உடல் எந்தத் திசையில் தலைவைத்துக் கிடந்தது, என்ன உடுத்தியிருந்தது, என்ன காயம் என்று எழுதி, கையெழுத்து வாங்கி, உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கொலை என்று தெரிந்தால் பிரிவு மாறும். தெரியாவிட்டால் தாள் கட்டோடு கட்டாகப் போய்ச் சேரும்.

தொடர் கொலைகாரரைத் தேடும் கதையில் உண்மையான மர்மம் இந்தக் கட்டுக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நாவல் கொலைகாரரின் மனத்துக்குள் போய்த் தேடுகிறது. வழக்குகளைப் படித்துப் பார்த்தால், பெரும்பாலும் அவருடைய பெயரோ அவருடைய வேலையின் சுவடோ ஏதோ ஒரு பேரேட்டில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. புரட்டத்தான் ஆள் இல்லை.

அண்டை மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். கர்நாடகத்தில் 2003க்கும் 2009க்கும் இடையில் மைசூரு, ஹாசன், மடிக்கேரி, பெங்களூரு என்று பல ஊர்ப் பேருந்து நிலையக் கழிப்பறைகளில் இளம்பெண்கள் இறந்துகிடந்தார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மேலே காயம் இல்லை. ஒவ்வொரு காவல் நிலையமும் அடையாளம் தெரியாத பெண், சந்தேக மரணம் என்று தன் பங்குக்கு ஒரு தாள் எழுதியது. தட்சிண கன்னட மாவட்டத்தில் காணாமல்போன ஒரு பெண்ணைத் தேடிக் கைபேசி அழைப்புகளைப் பின்தொடர்ந்தபோதுதான், 2009 அக்டோபரில், மோகன் குமார் என்ற முன்னாள் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பிடிபட்டார். கல்யாணம் செய்துகொள்வதாக அழைத்துப்போய், கருத்தடை மாத்திரை என்று சயனைடைக் கொடுத்து, நகையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இருபது பெண்கள். ‘சயனைட் மோகன்’ என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது. இருபது பிணங்களும் காவல்துறையின் கண்ணில் பட்டவைதாம், இருபதும் எழுதப்பட்டவைதாம். தாள்கள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

இதற்குக் குற்றவியலில் ஒரு பெயர் உண்டு. ஸ்டீவன் எகர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் ‘தொடர்புக் குருடு’ என்ற பொருளில் ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே கை செய்த கொலைகள் வெவ்வேறு எல்லைகளில் விழும்போது, எந்த எல்லைக்காரருக்கும் முழு உருவம் தெரிவதில்லை. 1985இல் அமெரிக்க எஃப்பிஐ தொடங்கிய விகாப் தரவுத்தளம் இதற்கான மருந்து. நம் நாட்டில் காவல் நிலையங்களை ஒரே வலையில் இணைக்கும் சிசிடிஎன்எஸ் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2009இல், மோகன் குமார் பிடிபட்ட அதே ஆண்டில்.

தொடர்புக் குருடு என்றால் என்ன என்று கூனிமேட்டுக்காரருக்கு விளக்கவேண்டியதில்லை. இங்கிருந்து தெற்கே பேருந்தில் போனால் காலாப்பட்டு வருகிறது, அது புதுச்சேரி. கொஞ்ச தூரம் கழித்து மறுபடி தமிழ்நாடு, கோட்டக்குப்பம். அதைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் துண்டுபோட்ட நிலத்தை இரண்டு அரசுகள் அப்படியே வைத்திருக்கின்றன. ஒரே சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் காவல்துறையின் தொப்பி மாறி மாறி வருகிறது. இந்த நிலவியலை வைத்து யாராவது ஒரு நல்ல நாவல் எழுதவேண்டும். பேரேட்டுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு வேறு: 1680களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. கம்பெனிக் கணக்குகளில் கூனிமேடு ‘கொனிமீர்’ ஆனது. கடலூரில் புனித டேவிட் கோட்டை கைக்கு வந்ததும் கூனிமேட்டின் தேவை குறைந்துபோனது. கம்பெனிக்காரர்கள் போய்விட்டார்கள். பெயர் மட்டும் கணக்கில் இருக்கிறது.

தமிழில் துப்பறியும் கதை நூறு வயதைத் தாண்டியது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் வளர்த்த மரபு அது. அங்கே கொலைக்குப் பின்னால் சொத்து இருக்கும், ஜமீன் இருக்கும், போலி உயில் இருக்கும். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கும் வில்லன்கள் கடத்தல்காரர்கள்தாம். காரணம் இல்லாமல், திரும்பத் திரும்பக் கொல்லும் மனிதர் நம் வெகுஜனக் கற்பனைக்குள் பெரிய அளவில் நுழைந்தது எழுபதுகளின் கடைசியில், அதுவும் திரைவழியாக: 1978இல் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’, 1980இல் பாலுமகேந்திராவின் ‘மூடுபனி’. பின்னதற்கு மூலம் ராஜேந்திரகுமாரின் ‘இதுவும் ஒரு விடுதலைதான்’ என்ற நாவல். எண்பதுகளில் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் கொடிகட்டித் தொங்கிய காலத்தில் ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி என்று ஜோடி ஜோடியாகத் துப்பறிந்தார்கள். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்களாக இருந்ததால் கொஞ்சம் தள்ளி நின்று கிண்டலடிக்க முடிந்தது.

இவற்றைப் படித்து வளர்ந்தவன் நான். குறை சொல்லும் உரிமை அதனால் வந்தது. இந்தக் கதைகளில் தொடர் கொலைகாரருக்கு எப்போதும் ஒரு சிறுவயதுக் காயம் இருக்கும், பெரும்பாலும் ஒரு பெண்ணால். கடைசி அத்தியாயத்தில் அந்தக் காயம் திறக்கப்படும், மர்மம் தீரும். காவல் நிலையம் அந்தக் கதைகளில் ஒரு முகவரி மட்டும்தான். அங்கே யார் எதை எழுதினார், எதை எழுதாமல் விட்டார், ஏன் விட்டார் என்ற கேள்வி எழுவதே இல்லை. விவேக்குக்கு ஒரு கோப்பு வேண்டுமென்றால் அது மேசைமேல் வந்துவிடும்.

ராமன் ராகவ் வழக்கில் அது அப்படித்தான் வந்ததா? 1960களின் நடுவிலும் பிறகு 1968இலும் பம்பாய்ப் புறநகரில் நடைபாதையிலும் குடிசையிலும் தூங்கியவர்கள் தலை நசுங்கிச் செத்தார்கள். தமிழ் பேசும் அந்த மனிதர் முதல் அலையின்போதே போலீஸ் கையில் இருந்திருக்கிறார். ஆதாரம் போதவில்லை, விட்டுவிட்டார்கள். 1968 ஆகஸ்ட் 27 அன்று அலெக்ஸ் ஃபியாலோ என்ற உதவி ஆய்வாளர் தெருவில் அவரை அடையாளம் கண்டு பிடித்தார். பழைய பதிவில் இருந்த கைரேகைதான் ஆளை உறுதிசெய்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டு, மனநல மருத்துவர்கள் பரிசோதித்தபின் ஆயுள் தண்டனையாகி, 1995இல் புனேயில் சிறுநீரகம் கெட்டு இறந்தார். விசாரணையை நடத்திய ரமாகாந்த் குல்கர்னி பின்னாளில் எழுதிய புத்தகத்தின் தலைப்பு, தமிழில் சொன்னால், குற்றத்தின் மணலில் காலடித் தடங்கள். தலைப்பில் மணல் இருந்தாலும் வழக்கு தீர்ந்தது காகிதத்தில்தான்.

இங்கிலாந்தின் கதை இன்னும் மோசம். யார்க்‌ஷயரில் பதினொரு பேர், மான்செஸ்டரில் இரண்டு பேர் என்று பதின்மூன்று பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃபை 1981 ஜனவரியில் பிடிப்பதற்கு முன் போலீஸ் ஒன்பது தடவை நேரில் விசாரித்திருந்தது. ஒவ்வொரு தடவையும் ஓர் அட்டை. அட்டைகள் குவிந்து, சேமித்த அறையின் தரை தாங்குமா என்று பயப்படும் நிலை. ஒரே பெயரில் பல அட்டைகள் இருப்பதைக் கண்டு கோர்க்க யாராலும் முடியவில்லை. அந்தத் தோல்வியிலிருந்து பிறந்ததுதான் ஹோம்ஸ் என்ற கணினி அமைப்பு. ஷெர்லக் ஹோம்ஸின் பெயரைத் தாங்கிய அந்தக் கணினி செய்யும் வேலை, பேரேடு புரட்டுவது.

இதுவரை சொன்னவை மறதியின் கதைகள். சென்னையில் நடந்தது வேறு.

கௌரி சங்கர் என்ற ஆட்டோ சங்கர் திருவான்மியூர் பெரியார் நகரில் இருந்தவர். வர்ணம் பூசும் வேலை, பிறகு ஆட்டோ. அந்த ஆட்டோவில் கள்ளச் சாராயம் போனது. சென்னைக்குத் தெற்கே இதே கடற்கரைப் பாதைதான் அவருடைய தொழில்வழி. சாராயத்திலிருந்து பாலியல் தொழில், அதிலிருந்து கொலை. 1987, 1988 ஆண்டுகளில் ஆறு பேர். காணாமல்போனவர்களின் குடும்பத்தார் ஓயாமல் கொடுத்த புகார்தான் வழக்கைத் திறந்தது. உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 1990இல் சென்னை மத்தியச் சிறையிலிருந்து தப்பி ஒடிசாவில் பிடிபட்டார். 1991 மே 31இல் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1992 ஜூலையில் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. 1994 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும். 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் தூக்கு.

மனத்தைத் தோண்டும் நாவலாசிரியருக்கு இந்த வழக்கில் அதிகம் கிடைக்காது. ஆறு கொலைகளும் தொழில் தகராறில், பணத்தில், கோபத்தில், காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் முளைத்தவை. கூட்டாளிகளோடு சேர்ந்து செய்தவை. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: நகரத்துக்குள், எல்லாருக்கும் தெரிந்த ஒரு தொழிலை, இத்தனை நாள் இவர் எப்படி நடத்தினார்?

பதில் சொல்வதாக வந்தது ஒரு கையெழுத்துப் பிரதி. செங்கல்பட்டுச் சிறையில் 1991இல் சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுமார் 300 பக்கத் தன்வரலாறு. மனைவி வழியாக வக்கீலுக்குப் போய், நக்கீரன் இதழுக்கு வந்துசேர்ந்தது. அதிகாரிகள் பலரோடு தனக்கிருந்த உறவை அதில் அவர் எழுதியிருக்கிறார் என்பது இதழின் வாதம். 1994 மே மாதம் ‘விரைவில்’ என்று அறிவிப்பு வெளியானது. ஜூன் 15 அன்று சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது: இது சங்கர் எழுதியதே அல்ல, பொய், வெளியிட்டால் நடவடிக்கை. ஆசிரியர் கோபாலும் இணையாசிரியரும் உச்சநீதிமன்றம் போனார்கள்.

1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். தனியுரிமை என்பது தனியே விடப்படும் உரிமை. ஆனால் நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை எவரும் யாருடைய சம்மதமும் இல்லாமல் எழுதலாம். தங்களுக்கு அவதூறு வரும் என்று பயந்து அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது திரும்பிப் பார்த்த தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. எனக்குச் சுவையாகப் படுவது வேறு இடம். சங்கரோ அவர் மனைவியோ வழக்கில் தரப்பினர் இல்லை. எனவே பிரதியை எழுதியது யார் என்று நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை. அவர் எழுதவில்லை, அனுமதிக்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டே மேலே போனது. ஆறு கொலையின் ஆசிரியர் யார் என்று மூன்று நீதிமன்றங்கள் முடிவுசெய்துவிட்டன. 300 பக்கத்தின் ஆசிரியர் யார் என்பது தீர்ப்புக்கு வெளியே நின்றுவிட்டது. தமிழில் எழுதப்பட்ட துப்பறியும் பிரதிகளில் இதற்கு ஈடான முடிவு வேறு எனக்குத் தெரியாது.

ஆசிரியர் யார் என்ற கேள்வி சங்கரோடு முடிவதில்லை. தமிழ்நாட்டுக் கொலை வழக்குத் தீர்ப்புகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒரு பாத்திரம் பழகிப்போயிருக்கும்: கிராம நிர்வாக அலுவலர். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கொலைசெய்துவிட்டு நேராக அவரது அலுவலகம் வந்து, மனம் வருந்தி, நடந்ததைச் சொல்வார். வி.ஏ.ஓ. அதை எழுதி, கையெழுத்து வாங்கி, ஆளையும் தாளையும் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார். இத்தனை கொலைகாரர்களுக்கு வி.ஏ.ஓ.மேல் மட்டும் ஏன் இத்தனை நம்பிக்கை? காரணம் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. வெளியாளிடம் சொன்னால் செல்லும். வாக்குமூலத்தைத் தொடர்ந்து பொருள் கைப்பற்றப்பட்டால் அந்த அளவுக்கு 27ஆவது பிரிவு வழிவிடும். புதிய சாட்சியச் சட்டத்தில் இவை 23ஆவது பிரிவில் சேர்ந்துவிட்டன. ஆகவே அரிவாள் எப்போதும் எதிரி ‘அழைத்துச்சென்று அடையாளம் காட்டிய’ புதரில் கிடைக்கிறது. எல்லா வழக்கும் இட்டுக்கட்டியது என்று நான் சொல்லவரவில்லை. நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டதும் உண்டு, தூக்கியெறிந்ததும் உண்டு. ஆனால் க்ரைம் நாவலாசிரியர்களைவிட அதிகமாக, ஒரே வாய்பாட்டில், ஒரே பாத்திரங்களை வைத்து இந்த மாநிலத்தில் யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வராமல் போகாது. கொலைகாரரைத் தேடுவது கடினம். தாளை நிரப்புவது அவ்வளவு கடினமில்லை.

புதிய நடைமுறைச் சட்டத்தின் 176(3) இதை மாற்றும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமென்றால் தடய அறிவியலாளர் சம்பவ இடத்துக்கு வந்தாகவேண்டும். சென்னைக்கு இதில் மூத்த உரிமை உண்டு. 1849லேயே இங்கே அரசு வேதியியல் பரிசோதகர் கூடம் அமைந்தது. கொலையில் புழங்கிய நஞ்சுகளைப் பிரித்துக் காட்டுவது அதன் தலையாய வேலை.

நஞ்சு என்றதும் இந்தக் கடற்கரைக்கே திரும்பவேண்டியிருக்கிறது. 2023 மே 13 அன்று மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மீனவர்கள் சிலர் சாராயம் குடித்தார்கள். மெத்தனால் உடனே கொல்லாது. உடம்புக்குள் போய் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறப் பல மணி நேரம் ஆகும். முதலில் வயிற்று வலி, வாந்தி, பிறகு கண் மங்கும், பிறகு மூச்சு. வெயில் என்றும் தின்றது சேரவில்லை என்றும் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆள் போய்விடுவார். செங்கல்பட்டு மாவட்டத்தில் அதே நாட்களில் நேர்ந்த சாவுகளையும் சேர்த்தால் இருபதுக்கு மேல். காவல் அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. பதின்மூன்று மாதம் கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே மெத்தனாலுக்குப் பலியானார்கள். நகரத்தின் நடுவில், காவல் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் விற்பனை நடந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின.

இதைத் தொடர் கொலை என்று யாரும் சொல்வதில்லை. சொல்லின் இலக்கணத்துக்கு அது பொருந்தாதுதான். 1930இல் பெர்லின் போலீஸ் அதிகாரி எர்ன்ஸ்ட் கென்னாட் ‘தொடர் கொலைகாரர்’ என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல்லைக் கையாண்டபோது அவர் மனத்தில் இருந்தது ட்யூசல்டார்ஃபின் பீட்டர் கூர்ட்டன், தனி மனிதர், இரத்த வெறி. சாராயக்காரருக்கு யாரையும் கொல்லும் எண்ணம் இல்லை. வாடிக்கையாளர் செத்தால் அவருக்கு நட்டம். ஆனால் ஆட்டோ சங்கர் கைக்கு ஆறு உயிர் என்பதால் முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பேசுகிறோம், தொடர் எடுக்கிறோம். எக்கியார்குப்பத்துக்கு ஒரு மாத நாவல்கூட வந்ததாகத் தெரியவில்லை. சங்கருடைய முதல் கள்ளத் தொழிலும் இதுதான் என்பதை நாவலாசிரியர்கள் மறந்துவிட்டார்கள்.

வந்தால் அந்த நாவலை எங்கே தொடங்கலாம் என்று யோசித்துப்பார்த்தேன். குப்பத்தில் வேண்டாம். எக்கியார்குப்பத்துக்கு வந்த மெத்தனாலின் தடத்தைப் பின்தொடர்ந்து போலீஸ் போய்ச் சேர்ந்த இடம் சென்னை வானகரத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. சில நாட்களிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் மெத்தில் ஆல்கஹாலுக்கு 1959லேயே விதிகள் உண்டு. வாங்க, வைத்திருக்க, விற்க உரிமம் வேண்டும். வரவும் செலவும் இருப்பும் கணக்கில் ஏறவேண்டும். அதிகாரி வந்து அதைப் பார்க்கவேண்டும். முதல் அத்தியாயத்தில் அந்த இருப்புப் பதிவேடு மேசைமேல் திறந்து கிடக்கிறது. ஒரு பேரல் குறைகிறது.